பல்செட் மாமா புதிதாக்கிய முதல் இதழ்

எங்கள் மாமா பொய்ப்பல் செய்பவர். அம்மாவுக்கு நேர் தம்பி. அவர் தொழிலில் ஒரே ஒரு குறை: போன பல்லைப் போலச் செய்யச் சொன்னால், அதைவிட நன்றாகச் செய்துவிடுவார். எழுபது வயதுக்காரர் வாயைத் திறந்தால் பல் மட்டும் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். முகம் அதற்குத் துணைக்கு வந்த பெரியவர் மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் இவருடைய அண்ணன், அதாவது எங்கள் பெரிய மாமா, வேலைக்கு வெளியூர் போகும்போது தன் சித்திரக்கதைப் பெட்டியை ஒப்படைத்தார். இவரும் பத்திரமாகப் பரண்மேல் வைத்தார். அதற்கு நேர் மேலே கூரை ஒழுகுவது மழைக்கும் பெட்டிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். மிஞ்சியது ஒன்றே ஒன்று, முதல் இதழ். அதுவும் ஓரம் கரைந்து, தாள்களைப் பிணைத்த ஊசி துருவேறி, உப்பிப்போய்.

பெரிய மாமா திரும்பி வந்து கேட்டபோது இவர் "இங்கதான் எங்கயோ இருக்குண்ணே" என்று மென்று விழுங்கினார். விற்றுவிட்டான் என்று அவர் முடிவு கட்டினார்.

"மத்தது போனா போகட்டும். நான் குடுத்த மாதிரியே அந்த முதல் இதழைக் கொண்டா. அதுவரைக்கும் எனக்குத் தம்பி கிடையாது."

ஒன்பது வருஷம். குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் இருவரும் அம்மாவை நடுவில் உட்காரவைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். "அவரைச் சாப்பிடச் சொல்லுக்கா." "அவனைக் கொட்டிக்கச் சொல்லும்மா."

இப்போது பெரிய மாமா மகளோடு தூரதேசம் போய்த் தங்கிவிடப் போகிறார். மூன்று மாதத்தில் பயணம். இனி வருவாரோ மாட்டாரோ. மாமா பதறிப்போய்ப் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"கையே வைக்காதீங்க சார்," என்றார் கடைக்காரர். "சேகரிக்கிறவங்க கிழிஞ்சதைக்கூட ஆசையா வாங்குவாங்க. பூசி மெழுகினதைக் கண்டா ஓடிடுவாங்க."

"அப்போ பல்லு போனவனையும் அப்படியே விட்டுடறதா?"

"வாய் வேற, புஸ்தகம் வேற சார்."

"ரெண்டும் திறந்தா நல்லா இருக்கணும்யா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மூன்று மாதம் பல் பட்டறையில் புத்தகத்துக்குத்தான் வைத்தியம். துருவேறிய ஊசியைக் கழற்றினார். பழைய கிழிசலில் ஒட்டிப் பழுத்துப்போயிருந்த டேப்பை ஹேர் டிரையரில் சூடு காட்டி உரித்தார். கரைந்த ஓரத்துக்கு மெல்லிய தாள் ஒட்டினார். பல் நிறம் பார்க்கும் மாதிரிப் பல் வரிசையைப் பக்கத்துக்குப் பக்கம் பிடித்துப் பார்த்து, வெள்ளைக்கு வெள்ளை சேர்த்தார். வாயில் பல் இல்லாத வாடிக்கையாளர்கள் வரிசையில் உட்கார்ந்து, கதாநாயகன் குணமாகும்வரை காத்திருந்தார்கள்.

அத்தை கேட்டாள்: "அந்த வீரன் காலுக்கு நாலு நாளா பாக்குறீங்களே, என் முட்டி வலிக்கு ஒரு நாள் பாத்திருப்பீங்களா?"

"உன் முட்டி என்ன முதல் இதழா?"

அன்று மாமா சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.

விடைபெற்றுப் போக பெரிய மாமா எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, மாமா புத்தகத்தை இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தார். அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்ததுபோல மின்னியது. பெரிய மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புரட்டினார். ஏழாம் பக்கத்தில் நின்றார்.

"புதுசு ஒண்ணை வாங்கிட்டு வந்து ஏமாத்தப் பாக்குறான்," என்றார் அம்மாவிடம்.

"அண்ணே, அதே புஸ்தகம்தாண்ணே!"

"படத்துல இருக்குற இந்தத் திருடனோட முன்பல்லுல நான் பேனாவால கறுப்படிச்சிருந்தேன். ஓட்டைப் பல்லன்னு ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். இவனுக்கு முப்பத்திரண்டும் இருக்கே!"

மாமாவின் முகம் செத்துப்போனது. "நான்தாண்ணே பூசினேன். பல்லு இல்லாத வாயைப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

பெரிய மாமா எழுந்து செருப்பில் காலை நுழைத்தார். மாமா சட்டைப் பையிலிருந்து பல் சுரண்டும் சிறு கத்தியை எடுத்து, தரையில் மண்டியிட்டு, திருடன் வாயைச் சுரண்ட ஆரம்பித்தார். வாழ்நாளெல்லாம் பல் வைத்தவர், பிடுங்கியது அதுதான் முதல் தடவை. கேலி செய்யலாம் என்றுதான் நானும் நின்றேன். ஆனால் குனிந்து, புத்தகம் நகராமல் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளை துகள்துகளாக உதிர்ந்தது. அடியில் பழைய பேனாக் கறுப்பு எட்டிப் பார்த்தது.

பெரிய மாமா ஒற்றைச் செருப்போடு குனிந்தார். "மெதுவாடா! தாளு கிழிஞ்சிடப் போவுது."

"சரிண்ணே."

"ராணிக்கு மீசை வரஞ்சிருந்தேனே, அது எங்க?"

"அதையும்... அழிச்சிட்டேண்ணே."

"அறிவிருக்காடா உனக்கு? பேனாவை எடு!"

பேனா வந்தது. மீசை முறுக்கியிருந்ததா, தொங்கியிருந்ததா என்று தகராறு வந்தது. முறுக்குதான் என்றார் அண்ணன். தொங்கல்தான் என்றார் தம்பி. மை கசிந்து ராணியின் கன்னம் வீங்கியது. மாமா துடைக்கப் போக, "எடுடா கையை" என்று பெரிய மாமா அந்தக் கையில் ஓர் அடி வைத்தார். இருவரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பேசிக்கிட்டு இருக்காங்க."