‘இங்கேதான்’ என்றவள்

நான் விடுப்பில் இருந்தபோது இந்த ஊர்த் தமிழ் நண்பர் ஸ்டீபன்தான் தொலைபேசியில் சொன்னார். “அக்கா, ரூத் போயிட்டாங்க. நிமோனியா. லேபுக்கு வரலையேன்னு ரூமுக்குப் போய்ப் பார்த்திருக்காங்க. ஹாஸ்பிடல் கொண்டுபோயும் காப்பாத்த முடியல.” ரிசீவரை வைக்கத் தோன்றாமல் நின்றேன். இந்த ஊரில் எனக்கு வேறு தோழி இல்லை.

இங்கே ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் தமிழ் நண்பர்களுக்கு அவளைத் தெரியும். நம் பொங்கல் கூட்டத்தில் ஒரு சொல்லும் புரியாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தவள். “இங்கே எல்லாரும் என்னைவிட சோத்தைத்தான் அதிகமா பார்த்தாங்க. நிம்மதியா இருந்தது” என்றாள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் பக்கத்து ஊரில் பிறந்தவள் ரூத். தந்தை அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய். இவள் பிறக்குமுன்பே திரும்பிப் போய்விட்டார். ஜெர்மானியத் தாய் இவளைக் குழந்தைகள் இல்லத்தில் விட்டாள். எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தபடி கவிதை எழுதினாள்.

ஒருமுறை புத்தகக் கடையொன்றில் வாசித்தாள்.

‘கண்ணாடி என்னை விசாரிப்பதில்லை,
தெருதான் விசாரிக்கிறது.
பதில் சொல்லாமல் ஒரு நாள்
தெருவைக் கடப்பேன்,
அன்று நான் விடுதலை.’

முடிந்ததும் ஒரு பெரியவர் அன்பாகவே கேட்டார்: “இவ்வளவு நல்ல ஜெர்மன் எங்கே கத்துக்கிட்டீங்க?”

“தொட்டில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். டிராமில் திரும்பும்போது அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு பதிப்பாளரும் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதினால் பார்க்கலாம் என்றிருந்தார். “பார்க்காத ஊரைப் பத்தி எழுதணுமாம். பார்த்த ஊர் என்னுது இல்லையாம்” என்றாள்.

என்னையும்தான் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறார்கள் என்றேன், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து. அவள் கோபப்படவில்லை. “உனக்கு ஒரு பதில் இருக்கு. மதுரைன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவே. நான் ‘இங்கேதான்’னு சொன்னா, பொய் சொல்றேன்னு பார்க்கிறாங்க.” அவள் கவிதைகளை நான் அதுவரை நிறத்தைப் பற்றியவை என்றே படித்திருந்தேன். நிற்க ஓர் இடம் கேட்டவை அவை என்பது அன்றுதான் புரிந்தது.

அடக்கத்துக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. பாதிரியார், “தொலைதேசத்திலிருந்து நம்மிடம் வந்த சகோதரி” என்று தொடங்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து, “இல்லை, பக்கத்து ஊர்க்காரி” என்றேன். அவர் முகம் சிவந்தது; மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். கடைசி வரிசையில் சாம்பல் நிறக் கோட்டில் ஒரு பெண்மணி. ஒருமுறை ரயில் நிலையத்தில் ரூத் எனக்கு அறிமுகப்படுத்திய அவள் தாய். வாசலில் பாதிரியார் அவரிடம், “உறவா?” என்று கேட்டார்.

“இல்ல, தெரிஞ்ச பொண்ணு” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து போனார்.

அந்த நடையை என்னால் மறக்க முடியவில்லை. தூக்கமும் வரவில்லை.

ரூத்தின் சில கவிதைகளை அவள் இருக்கும்போதே தமிழாக்கத் தொடங்கியிருந்தேன். அவற்றில் தன்னைக் குறிக்க அவள் எழுதிய சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். “கறுப்பி. எங்க வீட்ல என்னைத் திட்டவும் அதான், கொஞ்சவும் அதான். என் ஜாதகத்தோட அனுப்பின குறிப்புல மட்டும் ‘மாநிறம்’னு எழுதினாங்க” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, “அதையே போடு. மாத்தாதே” என்றாள்.

மாற்றவில்லை. என்னிடம் அவளாக மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது அது எங்கள் இருவரின் பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இருவரில் ஒருத்தி இல்லை.