எந்த ஊரில் பெறுவது

வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான் மலாக்காவுக்குப் போனதை பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வெகுநாள் பேசினார்கள். பேசட்டும். கல்யாணமானதிலிருந்து நானும் அவரும் தனியாக ஓரிடத்துக்கும் போனதில்லை. அடுத்த மாதமோ என்னைக் கப்பலேற்றி நாகப்பட்டினம் அனுப்புவதாக மாமியார் முடிவு செய்திருந்தார். தலைப்பிரசவம் ஊரில்தான் நடக்கணுமாம். அங்கே எனக்கு இருந்தது அண்ணனும் அண்ணியும்தான். அப்படிப் போன எதிர்வீட்டுக்காரி, பிள்ளை ஓடியாடத் தொடங்கியும் திரும்பவில்லை. எனக்கு அந்தப் பயம்தான்.

"ரயில் குலுங்கும். வயித்துப் பிள்ளைக்கு ஆகாது," என்றார் மாமியார்.

"கப்பல் மட்டும் குலுங்காதா அத்தை?"

அத்தோடு அவர் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். எல்லாம் மகன் மூலமாகத்தான். ரயில் யார்டில் ஊரையே அதட்டுகிற அந்த மனுசனுக்குத் தாயார் முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் ரயில் பாஸைப் பையில் வைத்துக்கொண்டு, "கிளம்பு புள்ள," என்றார். தம்பினில் வண்டி மாறி, இருட்டுவதற்குள் மலாக்கா சேர்ந்தோம்.

மறுநாள் காலை குன்றேறி, கூரையில்லாத பழைய தேவாலயத்தைப் பார்த்தோம். கீழே கடல். "இந்த ஊரை எத்தனை வெள்ளைக்காரன் மாத்தி மாத்திப் பிடிச்சிருக்கான்," என்றார்.

"அது கெடக்கட்டும். கப்பல் விசயத்தை உங்க அம்மாகிட்ட எப்பப் பேசப்போறீங்க?"

"வெயில் ஏறுது, வா," என்று அவர் முன்னால் இறங்கத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். அங்கே ஒருத்தி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் விபூதி, உடுத்தியிருந்தது மலாய்க்காரிகளின் கெபாயா. தமிழில் பேச்சுக் கொடுத்தேன், ஒரு சொல்கூடப் புரியவில்லை அவளுக்கு. அவள் முன்னோர் எந்தக் காலத்திலோ தமிழ்க்கரையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட செட்டிகள் என்றார் பூசாரி. எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், "கம்பம் மானா?" என்று அவள் ஊரைக் கேட்டேன். என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்தாள்.

"சினிலா," என்றாள். இங்கேதான். அவள் அம்மாவுக்கும் சினிதான், அந்த அம்மாவின் அம்மாவுக்கும் சினிதான். அப்புறம் என் வயிற்றைக் காட்டி, எங்கே பெறப்போகிறாய் என்று கேட்டாள்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டிருந்தார். "சினி," என்று நானே சொன்னேன். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

வெளியே வந்ததும், "இங்க சொல்லிட்டே. வீட்ல யார் சொல்றது?" என்றார்.

"ஏன், எனக்கு வாயில்லையா?"

அன்று இரவு நாங்கள் வீடு திரும்பியபோது வாசலில் மாமியார் நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் மகனிடம், "ஊருக்குப் போறவளுக்குப் பெட்டி கட்டணும். எப்பன்னு கேளு," என்றார்.

"ஊருக்குத்தான் அத்தை வந்துருக்கேன். இனி எங்கயும் போகலை," என்றேன்.

"கேட்டியாடா இவ பேசுறதை?"

அவர் கைப்பையைக் கீழே வைத்தார். தாயாரை நேராகப் பார்த்தார். "சினிலாம்மா," என்றார்.

மாமியாருக்கு மலாய் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது. எங்கள் மூத்த மகள் பிரிக்பீல்ட்ஸில்தான் பிறந்தாள். மருத்துவச்சியை ஓடிப்போய்க் கூட்டி வந்தவரும் மாமியார்தான், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே.