மெயினை இறக்கிய கை

பிரேமினிக்கு இடி என்றால் உயிரே போய்விடும். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரே ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும், பிறகு பேசலாம். அவளுக்குப் பதினேழு வயதில், ஒரு மழை நாளில், பழைய வயர் தீப்பிடித்து லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீடுகளும் அரை மணி நேரத்தில் எரிந்து போயின. அவளுடைய அக்கா உள்ளே அகப்பட்டுக்கொண்டாள், வெளியே வரவேயில்லை. அன்றிலிருந்து, திரும்பக் கட்டிய அந்த லயத்தில் வானம் லேசாக உறுமினாலே யாராவது ஒருத்தி வாசலில் நின்று, "மெயின இறக்குங்கடி!" என்று கத்துவாள். எல்லா வீட்டிலும் மெயின் சுவிட்ச் விழும். இருபது வருடம் அதற்குப் பழகிய கை அவளுடையது.

மூன்று வருடத்துக்கு முன் அவளும் புருஷன் சோலைமலையும் வட்டகொடைக்கு மேலே உள்ள ஆறு அறை விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே வெளியிலிருந்து கரண்டு வருவதில்லை. கூரையில் சூரியத் தகடுகள், பள்ளத்தில் ஓடைத் தண்ணீரில் சுற்றிக் கரண்டு தரும் ஒரு சக்கரம், அவ்வளவுதான். சக்கரம் சோலைமலையின் பொறுப்பு. பிரேமினியோ கரண்டுப் பொலிஸ். ஆளில்லாத அறையில் பல்ப் எரிந்தால் அவளுக்குப் பொறுக்காது. கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் தலைமுடி காயவைக்கும் மெஷினையே நயமாகப் பேசி வாங்கி வைத்துவிட்டாள். "வெயில் நல்லா அடிக்குது நோனா, முத்தத்துல உக்காருங்க. சும்மா கெடைக்கிற சூடுதானே!"

சேர்ந்த முதல் நாளே சோலைமலை அவளிடம் ஒன்றைச் சொல்லியிருந்தார். "இந்த மெயின் சுவிச்ச மட்டும் தொட்டுறாத. வீட்டுக்குப் போற கரண்டுதான் சக்கரத்தப் புடிச்சு நிறுத்துது. அத வெட்டினா பிரேக் இல்லாத லொறி மாதிரி பிச்சுக்கிட்டுப் போகும். மொத கீழ போயி தண்ணிய அடைக்கணும், பொறவுதான் சுவிச்சு."

அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் இடி நாளில் அவர் அவளை நம்பாமல் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்வார்.

போன ஐப்பசியில் ஒரு நாள், மத்தியானம் வரை நல்ல வெயில். சாப்பிட்டுவிட்டு, சக்கரத்தின் பெல்ட் ஏதோ சத்தம் போடுகிறது என்று சோலைமலை பள்ளத்தில் இருக்கும் சக்கரக் கொட்டகைக்கு இறங்கிப் போனார். பிரேமினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. கூரைக்கு நேர் மேலே ஒரு இடி.

அவள் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் மெயினை இறக்கினாள்.

வீடு அமைதியானது. அந்த அமைதியில் பள்ளத்திலிருந்து ஒரு ஊளைச் சத்தம் கிளம்பி ஏறிக்கொண்டே வந்தது. அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. சுவிட்சை மறுபடி தூக்கக் கை போனது. அதுவும் தப்பாக இருந்தால்? தொடப் பயந்து ஓடினாள்.

தேயிலைக்கு நடுவே நூற்றி நாற்பது படி. மழை முகத்தில் அறைந்தது, மின்னல் கண்ணுக்கு எதிரே வெட்டியது. இடிக்குக் கட்டிலடியில் ஒளிகிறவள், வெட்டவெளியில் கத்திக்கொண்டே இறங்கினாள். "என்னங்க! வெளிய வாங்க! வெளிய வாங்க!" சக்கரத்தின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பாதிப் படியில் படாரென்று ஏதோ அறுந்தது.

தண்ணீரை அடைக்கும் வால்வு கொட்டகைக்கு வெளியே இருந்தது. கை வழுக்கியது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு திருகினாள், அழுதுகொண்டே திருகினாள். ஊளை மெல்ல இறங்கி நின்றது.

"என்னங்க..."

கதவைத் தள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. கொன்றுவிட்டேன், என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நின்றாள். பிறகு தள்ளினாள்.

சோலைமலை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறுந்த பெல்ட் காலடியில் கிடந்தது. வலது கையைச் சட்டையில் சுருட்டி நெஞ்சோடு பிடித்திருந்தார். சட்டை முழுக்க ரத்தம். இரண்டு விரல் போய்விட்டது. அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"எங்க புடிச்சுச்சு தீ?"

"தீயா?"

"நீ மெயின இறக்கிட்டன்னு சத்தத்துலயே தெரிஞ்சிருச்சு. இங்க இடிச் சத்தம் ஒண்ணும் கேக்கல, வீடுதான் எரியுதா? நீ வெளிய வந்துட்டியா?"

"தீ எதுவும் இல்லீங்க," என்றாள் பிரேமினி. "இடிச்சுச்சு. அதுக்குத்தான் இறக்கினேன்."

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தீ இல்லேல்ல? அப்ப சரி."