கிரேக்க அரசனுக்கு முரசுமோட்டையில் விழுந்த ஏச்சு

பழைய கிரேக்க நாடகமெல்லாம் பேராசிரியர்களுக்குத்தான் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் — போன ஞாயிறு வரைக்கும்.

யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காமல் ரேடியோக்கள் ஊமையானதிலிருந்து, முரசுமோட்டையில் எங்கள் வாசிகசாலையில் ஞாயிறு பின்னேரங்களில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அன்று என் முறை. கையில் அகப்பட்டது ஒரு கிரேக்க நாடகத்தின் தமிழாக்கம். எல்லோரும் தூங்கி விழப்போகிறார்கள் என்ற பயத்தோடுதான் தொடங்கினேன்.

எங்கே தூங்கினார்கள்! படையெடுத்து வந்து செத்த மருமகனை — கூடப்பிறந்தவளின் மகனை — அடக்கம் செய்யக்கூடாது என்கிறான் ஓர் அரசன். செத்தவனின் சகோதரி மீறி மண் போடுகிறாள். அவளை உயிரோடு குகையில் அடைக்கிறான். அவளோ அவன் மகனுக்குப் பேசிவைத்த பெண் — சொந்த மச்சாள்! இதை வெள்ளைக்காரருக்கு அடிக்குறிப்புப் போட்டு விளக்கவேண்டும். எங்கள் சனத்துக்கு...?

கடைசியில் அரசனுக்குப் புத்தி வருகிறது. ஓடுகிறான். ஆனால் முதலில் செத்தவனுக்குக் கிரியை செய்கிறான். அதற்குப் பிறகுதான் குகைப் பக்கம் திரும்புகிறான்.

"உவனென்ன விசரனே?"

எங்கள் வாசிகசாலைத் தலைவர் கணபதிப்பிள்ளை அண்ணையின் குரல். சம்பிரதாயத்திலிருந்து இம்மியும் விலகாத மனிதர். "செத்தவன் எங்கை ஓடப்போறான்? உயிரோடை இருக்கிற பெட்டையையெல்லே முதல் திறந்து விடவேணும்!"

ஊருக்கே தெரியும் — அவருடைய மகள் ராணி, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெடியனை விரும்பிக் கட்டி விசுவமடுவில் இருக்கிறாள். பிள்ளையும் பிறந்துவிட்டது. "ஒருக்காப் போய்ப் பாப்பமே?" என்று மனைவி அழும்போதெல்லாம், தாயை இழந்து வருடம் திரும்பாத அண்ணையிடம் ஒரே பதில்தான். "அம்மாவின்ரை ஆட்டைத் திவசம் முடியட்டும்."

வாசிப்பை நிறுத்திவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"நீங்கள் வாசியுங்கோ மாஸ்டர். நான் வீட்டை போட்டு வாறன்."

வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய சைக்கிள் வீதியால் போனது — கரியரில் மனைவி. விசுவமடுப் பக்கமாக!

மிச்சத்தை வாசித்து முடித்தோம். அரசன் பிந்திவிட்டான். குகையில் பெண் செத்துக் கிடக்கிறாள். மகனும் சாகிறான், மனைவியும் சாகிறாள்.

அவன் ஏன் முதலில் பிணத்திடம் போனான் என்று படித்தவர்கள் மண்டையை உடைக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அடுத்தவன் வீட்டுப் பிழை நமக்கு எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது! நாடகம் பிறகு எதற்கு?

நேற்றுச் சந்தையில் அண்ணையைக் கண்டேன். சேட்டுத் தோளில் பால் கக்கிய அடையாளம். துடைக்கக்கூட இல்லை மனிதர்.

"பேரன்," என்றார், நான் கேட்காமலே. பிறகு, "அண்டைக்கு நான் இடையிலை எழும்பிப் போட்டன். அந்தப் பெட்டை தப்பினவளே, மாஸ்டர்?"

"ஓம் அண்ணை. அரசன் நேரத்துக்குப் போயிட்டான்."

கிரேக்கர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்!