சுவரைப் பார்த்து நின்ற லில்லி

லில்லி இறந்த செய்தி வந்தபோது நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் ஏணி மேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பிதான் கூப்பிட்டார். "அண்ணே, அக்கா பூட்டுச்சு. காலைல நெஞ்சு வலிக்குதுன்னுச்சு, ஆட்டோல ஏத்தறதுக்குள்ள..." என்றார். இறங்கி, கடைக்காரர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. என்னிடம் ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தவர் போய்விட்டார். நான் அதைச் செய்யவே இல்லை.

ராயபுரத்தில் எங்கள் கடைக்கு வந்திருக்கிறவர்களுக்குத் தெரியும். ஒயர் இழுப்பது, ஆணி அடிப்பது என் வேலை. கேமராவை இன்டர்நெட்டில் இணைத்து, வெளியூரிலிருந்தும் வீட்டைப் பார்க்கும்படி செய்வது லில்லியின் வேலை. பிராட்பேண்ட் வந்த புதிது அது. எல்லாம் முடிந்ததும் அவர் ஒரு பிடிவாதம் பிடிப்பார். கேமராவோடு கம்பெனியிலிருந்து வரும் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும். புதியதை வீட்டுக்காரரே தட்டவேண்டும். தட்டி முடிக்கும்வரை லில்லி முதுகைக் காட்டி, சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்னையும் திரும்பச் சொல்வார்.

"இன்னாமா, மாட்டுனதே நீதான். உனக்குத் தெரிஞ்சா இன்னா?" என்று சிரிப்பார்கள்.

"தெரிஞ்சா ஒருநாளு பாக்கத் தோணும். எனக்கும் தோணும்" என்பார்.

எனக்கு எரிச்சலாக இருக்கும். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதே என்று முணுமுணுப்பேன்.

திருவொற்றியூரில் கலாவின் வீடு. கணவர் துபாயில் கிரேன் ஓட்டினார். வீட்டில் கலாவும் மாமியாரும் மட்டும். பக்கத்துத் தெருவில் திருடு போனதும், கணவர்தான் கேமரா வைக்கச் சொன்னார். அங்கே அவர் பொத்தானைத் தட்டினால் இங்கே கேமரா கழுத்தைத் திருப்பும். கூடத்தில் மாட்டினோம். மனிதர் பாஸ்வேர்டை மறந்து மறந்து எனக்குப் போன் போட்டார். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. லில்லியிடம் சொல்லாமல் நானே போய், பழைய கம்பெனி பாஸ்வேர்டுக்கே மாற்றி, இணைத்துவிட்டு வந்தேன். அந்த மாதிரி கேமரா எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். ஊருக்கே தெரியும், அவரும் மறக்க மாட்டார். பெரிய கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மாமியார் கடைக்கு வந்தார். "மருமவளுக்கு இன்னாவோ புட்ச்சிகீது. கேமரா என்னயே பாக்குது, அடுப்பாண்ட போனா அங்க திரும்புதுன்றா. புள்ளையக் கேட்டா, நான் டூட்டில கீறேன், பாக்கவே இல்லன்றான்" என்றார். கேமராவில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மந்திரிக்க அழைத்துப்போவதாக ஏற்பாடு. அதிலும் தெளியவில்லை என்றால் அவளை அம்மா வீட்டோடு அனுப்பிவிடச் சொல்லிவிட்டாராம் மகன்.

மறுநாள் காலையில் போனோம். கலா கூடத்து மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லில்லி கம்ப்யூட்டரில் கம்பெனி பாஸ்வேர்டைத் தட்டினார். திறந்துகொண்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே வந்துபோனவர்களின் பட்டியலில், கணவருடைய இன்டர்நெட் எண்ணோடு யாருடையது என்று தெரியாத எண்கள் வரிசையாகக் கிடந்தன. அப்போது எங்கள் தலைக்கு மேலே கிர்ரென்று ஒரு சத்தம். எலுமிச்சம்பழம் ஆட, கேமரா மெதுவாகத் திரும்பி, மூலையில் இருந்த கலாவிடம் போய் நின்றது. இன்றும் எங்காவது டேபிள் ஃபேன் அப்படிச் சத்தம் போட்டுத் திரும்பினால் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போகிறது. லில்லி எழுந்து ஒயரைப் பிடுங்கினார்.

மாமியாரை நிற்கவைத்துக்கொண்டே கலாவிடம் சொன்னார். "உனக்கு ஒண்ணும் இல்லமா. நீ சொன்னது நெஜம். எவனோ பாத்துகினுதான் இருந்தான். பாஸ்வேர்டு என் வேலை. தப்பு என்னுது."

"யாருக்கா?" என்றார் கலா.

"தெரியாதுமா."

"எந்த ஊரு?"

"அதுவும் தெரியாது. தெரிஞ்சிக்கவும் முடியாது."

கலா எழுந்து வந்து லில்லியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். லில்லி நகரவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்காமல்.

தெருவில் வந்ததும், ஏன் உன் மேல் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு பொய் சொல்லலன்னு அந்த நிமிஷமே யாராவது சொல்லணும். நீ யோசிச்சிகினு இருந்த" என்றார். பிறகு, "ஒருநாளு நீயே போய் அதுகிட்ட சொல்லிடு" என்றார். அந்த வாரமே, நாங்கள் கேமரா மாட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் போய் எல்லாவற்றையும் சோதித்தார். அதற்குப் பிறகு வந்த நான்கு வருடத்தில் எப்போதாவது, டீ குடிக்கும்போது, "சொன்னியா?" என்பார். "போறேன் போறேன்" என்பேன். கலா எண்ணூர் பக்கம் வீடு மாற்றிப் போனதும் எனக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. அவ்வளவு கேவலமானவன் நான்.

லில்லியை அடக்கம் செய்த அன்று கலா வந்திருந்தார், இடுப்பில் குழந்தையோடு. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விம்மி விம்மி அழுதார். "அக்காவ அட்ச்சிட்டேன். மன்னிப்பு கேக்கணும்னு நெனச்சுகினே இருந்தேன்" என்று என்னிடம்தான் சொன்னார்.

அங்கேயே சொல்லிவிட்டேன். "அந்தப் பாஸ்வேர்ட மாத்துனது நான்."

கலா என்னைப் பார்த்தார். "அக்காவுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, லில்லியின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார். என் பக்கம் மறுபடி திரும்பவே இல்லை.

லில்லியைத் தெரிந்த எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். திருவொற்றியூர் வீட்டில் அவர் தவறு செய்துவிட்டார் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டதுண்டு. அவர் செய்யவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் கன்னத்தில் வாங்கிக்கொண்ட அந்த ஒரு அறைதான். எனக்கு விழவேண்டியது, இன்னும் விழவில்லை.