மூடுபனியில் பதில் சொன்னவன்

என் தம்பி சண்டைக்குப் போகவில்லை. பாத்திரம் கழுவத்தான் போனான். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. லயத்துக்காரர்கள் கேட்டார்கள், போலீஸ்காரர் கேட்டார், டிவிக்காரர்கள் மலை ஏறி வந்து மைக்கை நீட்டிக் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அவர்கள் போட்டது என்னவோ 'போர்முனையிலிருந்து திரும்பிய வாலிபர்' என்றுதான். நாற்பத்தொரு வயதுக்காரனை வாலிபர் என்று போட்டதில் மட்டும் அவனுக்கு லாபம்.

கட்டையில் போகிற ஏஜென்ட் ஒருத்தன், குளிர் நாட்டில் பெரிய ஹோட்டல், இரண்டு வருஷம் கழுவினால் போதும் என்று ஆசை காட்டினான். ஒப்பந்தத்தை எங்கள் வீட்டில் யாராலும் படிக்க முடியவில்லை. பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. போன இரண்டாவது வாரம் அவனுக்குச் சீருடை கொடுத்தார்கள். நான்காவது வாரம் பதுங்குகுழி தோண்டிக்கொண்டிருந்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். பிறகு தொடையில் இரும்புத் துண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். யார் யாரோ மனுப் போட்டு, ஒரு மழை நாளில் எங்கள் லயத்து முன்னால் ஜீப்பிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கினான். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன்.

லயம் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஆறு வீடுகள் ஒட்டிக் கட்டிய வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. ஒரு அறை, ஒரு அடுப்படி. அதுவும் எங்களுக்குச் சொந்தமில்லை. வீட்டில் ஒருத்தர் பெயராவது செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் ஆள் பதிவில், இருக்கிறவரைதான் கூரை. பெயர் போனால் மூன்று மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அம்மா பெயருக்குப் பின்னால் என் பெயர் ஏறியது. கொழுந்து பறித்தே கை கறுத்துப்போனது. புருஷன் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. தம்பியைத்தான் இடுப்பில் வைத்து வளர்த்தேன். அவன் திரும்பி வந்த அதே மழைக்காலத்தில் எனக்குச் சர்வீஸ் முடிந்தது. இனி அவன் பெயர் ஏறவில்லை என்றால் நாங்கள் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? திருநெல்வேலிப் பக்கம் அம்மாவின் ஊர் என்று ஒன்று இருக்கிறது. அங்கே எங்களை யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட்டுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் வந்து இறங்கியது. கட்டில் அகலத்துக்கு ஒரு யந்திரம், வயிற்றில் மருந்து டேங்க். அதை ஓட்ட ஆள் வேண்டும். பத்திரிகையில் தம்பியின் கதையைப் படித்துவிட்டு ஃபீல்டு ஆபீசரே எங்கள் வாசலுக்கு வந்தார். மலையாளி, எங்களிடம் பேசும்போது பாதித் தமிழ் கலந்து பேசுவார்.

"சேச்சி, தம்பி அங்க ட்ரோன் பறத்தினான்னு பேப்பர்ல உண்டல்லோ. இங்க மருந்தடிக்கட்டே. ரெண்டு மாசம் நோக்கலாம். சரியா வந்தா செக்ரோல்ல பேரு எழுதலாம்."

எனக்குத் தெய்வமே படியேறி வந்த மாதிரி இருந்தது. தம்பி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டான்.

வந்த நாளிலிருந்தே அவனிடம் ஒரு கோளாறு இருந்தது. கூப்பிட்டால் பதில் தரமாட்டான். எங்கள் மலையில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. மஞ்சு என்போம். மஞ்சுக்குள்ளிருந்து 'ஓ...ய்' என்று ஒரு சத்தம் வந்தால், கேட்டவர் யாராக இருந்தாலும் திருப்பி 'ஓ...ய்' சொல்லியாக வேண்டும். ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் சொல்ல வேண்டும். வழி தவறியவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேருவார். இல்லையென்றால் சரிவில் உருண்டுவிடுவார். எங்கள் பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடும். இவனோ கிணற்றில் போட்ட கல். தண்ணீர் எடுக்கப் போன இடத்திலிருந்து நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காமல் வந்து பக்கத்தில் நிற்பான். "ஊமை ஊரைக் கெடுக்கும், பாத்துக்கோங்க மதினி" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீசர் போன பிறகு அடுப்படிக்குப் போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏன்டா, அங்க மனுசன் மேல குண்டு போட ஓட்டுனியே. இங்க செடிக்கு மருந்து. இதுல உனக்கு என்ன நோவுது?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன். அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அந்த வேலையை எதுக்குக் குடுத்தாங்கன்னு தெரியுமாக்கா?" என்றான்.

அன்று மழை விடுகிறவரை பேசினான். வந்த பிறகு அத்தனை பேசியது அன்றைக்குத்தான்.

அவனைச் சேர்த்த பட்டாளம் அடுத்த நாட்டுக்குள் புகுந்து ஒரு கிராமத்தைப் பிடித்து வைத்திருந்தது. அந்த ஊர்க்காரர்கள் வாயால் எதிர்க்கவில்லை. வழிப்பலகை எல்லாவற்றிலும் தார் பூசிவிட்டார்கள். வழி கேட்டால் சதுப்புக்குள் கையைக் காட்டினார்கள். ஒரு வயசாளி தினமும் சைக்கிளில் ரொட்டி வாங்கப் போவாராம். அவர் போய் அரை மணி நேரத்தில், மரத்தடியில் ஒளித்து வைத்த லாரியின் மேல் எங்கிருந்தோ ட்ரோன் வந்து விழும். ஊர்க்காரர்கள் எல்லோரும் பட்டாளத்து வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள், யாரோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு அவுக மேல கோவம் வரலையா?"

"அவுக ஊருக்கா அது. நாங்கதானே உள்ள பூந்தது."

அந்தச் சின்ன ட்ரோன்களைப் பற்றிச் சொன்னான். ஓர் ஆளுக்கு ஒன்று. துரத்திக்கொண்டே வருமாம். மரத்தைச் சுற்றினால் அதுவும் கூடவே சுற்றுமாம். அதன் சத்தம் கேட்டு ஓடியவர்களில் பாதிப் பேரை அவன் மறுபடி பார்க்கவில்லை. மூடுபனி இறங்கினால் மட்டும் நிம்மதி.

"மஞ்சுல அதுக்குக் கண்ணு தெரியாதுக்கா. எங்களுக்கு அது லீவு மாதிரி. நம்ம ஊரு ஞாபகம் வேற வந்துரும். அப்படி ஒரு காலையில குழிக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டுச்சு. வார்த்தை இல்ல, சும்மா கூவுற சத்தம். நான் யோசிக்கவே இல்லக்கா. ஓ...ய்ன்னுட்டேன்."

அடி ஆத்தி என்று என் வாய் தானாகச் சொன்னது. அவன் நிறுத்தவில்லை.

"சத்தத்தைப் பிடிச்சு நேரா வந்துட்டா. பொம்பள. அவுக ஆளுதான் கூப்பிடுதுன்னு நெனச்சிருப்பா. தலையில துணி, முதுகுல பை. பை நெறைய ட்ரோன் பேட்டரி. சண்டை போடுற அவுக ஊர்ப் பயலுகளுக்குக் கொண்டு போயிருக்கா. எனக்குப் பின்னாடி நின்னவங்க புடிச்சுட்டாங்க. அவ என்னையத்தான் பாத்தா. திட்டக்கூட இல்லக்கா."

"அப்புறம்?"

"ஒரு வீட்டுக் கீழறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வெளிய வரல."

அவன் தந்திரமாகக் கூப்பிட்டுப் பிடித்தான் என்று கமாண்டர் நினைத்துக்கொண்டாராம். கெட்டிக்காரன், இவன் இனிமேல் குழி வெட்ட வேண்டாம், ட்ரோன் பழகட்டும் என்றாராம். அப்படித்தான் வந்தது அந்த வேலை.

"நீ பதில் சொன்னது தப்பில்லடா" என்றேன்.

"தப்பில்லதான். அவ வந்துட்டாளே."

நல்ல அக்காவாக இருந்திருந்தால், அந்த எழவு யந்திரமே வேண்டாம், எங்கேயாவது போய்ப் பிழைப்போம் என்று சொல்லியிருப்பேன். நான் சொன்னது வேறு. "அவ எவளோ. நான் உன் அக்கா. இந்த வயசுல என்னைய ரோட்டுல நிறுத்தாத" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனான்.

ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வேர்க்கும்; கை மட்டும் ஆடாது. கொழுந்துச் செடிக்கு முழ உயரத்தில், சரிவு எப்படிப் போகிறதோ அப்படியே யந்திரத்தைக் கொண்டு போவான். சிக்கல் அதற்கு முன்னால்தான். யந்திரம் எழும்புவதற்குள் சரிவில் ஆள் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். காலையில் பனி விலகுகிற நேரம். செடிக்குள் யார் குனிந்திருந்தாலும் தெரியாது. குரல் கொடுத்து, பதில் வந்தால் ஆளை வெளியே வரவைத்து, அப்புறம்தான் மருந்து. அவனுக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறப்பான், காற்றுத்தான் வரும்.

அதனால் நான் கூடப் போனேன். சர்வீஸ் முடிந்தவள் தினமும் காலையில் மலை ஏறி 'ஓ...ய்' என்று கத்திக்கொண்டு நின்றேன். பறிக்கிற பெண்கள், "அக்காவுக்கு வீட்டுல இருப்பு கொள்ளல, சம்பளமில்லாத கங்காணி" என்று கேலி செய்தார்கள். முழங்கால் இரண்டும் போய்விட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று நடந்தேன்.

இரண்டு மாதம் முடிகிற வாரத்தில் ஃபீல்டு ஆபீசர் கண்டுபிடித்துவிட்டார்.

"இது ரெண்டு ஆள் வேலை இல்ல சேச்சி. சனிக்கிழமை நான் வந்து நோக்கும். அவன் தனியா கூப்பிடணும். இல்லெங்கில் வேற ஆளை நோக்கணும்."

சனிக்கிழமை காலை நான் வீட்டில் இருப்பதாகப் பேச்சு. இருக்க முடியவில்லை. குறுக்குப் பாதையில் ஏறி, அவன் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே செடி மறைவில் நின்றேன். பனி நன்றாக இறங்கியிருந்தது. மேலே ஜீப் ரோட்டிலிருந்து ஆபீசரின் குரல் கேட்டது. "விளிக்கு, விளிக்கு" என்றார். கூப்பிடு, கூப்பிடு. ஒரு சத்தமும் இல்லை. மறுபடி சொன்னார். இல்லை. என் வீடு போகிற சத்தம் அதுதான் என்று எனக்குப் பட்டது. பொறுக்க முடியாமல் நானே வாயைக் கையால் குவித்து, 'ஓ...ய்' என்றேன்.

மஞ்சுக்குள்ளிருந்து பதில் வந்தது. பெண் குரல்.

அந்த மாதம்தான் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்கக் குடும்பங்கள் வந்திருந்தன. தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஆனால் இந்த ஒரு சத்தத்தை வந்த வாரமே கற்றுக்கொண்டிருந்தார்கள். என் குரலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி செடிகளை விலக்கி வந்தாள். தலையில் துணி, முதுகில் கொழுந்துச் சாக்கு. வழி கிடைத்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பத்தடி மேலே நின்ற தம்பி அவளைப் பார்த்தான்.

ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டான்.

"வராத! வராத தாயி! திரும்பிப் போ! ஓடிரு!"

மலை அதிர்ந்தது. வந்த நாளிலிருந்து அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையை வீசி வீசி, தொண்டை கிழிய, திரும்பத் திரும்ப அதையே கத்தினான். பாஷை தெரியாதவளுக்கும் அது புரிந்துவிட்டது. சாக்கைப் போட்டுவிட்டு வந்த வழியே ஓடினாள். பக்கத்துச் சரிவில் இருந்தவர்களும் என்னவோ ஏதோ என்று ஓடினார்கள். நான் மேலே ஏறிப் போய் அவன் தோளைப் பிடித்தேன். அவன் கத்தியது அவளைப் பார்த்து இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஆபீசர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "மதி, மதி! போதும்! இதானே வேண்டது! இத்தனை சத்தம் வச்சுக்கிட்டா சேச்சியைக் கூட்டிட்டு நடந்தே? ஒரு ஈ காக்கா இல்ல இப்ப சரிவுல."

திங்கட்கிழமை செக்ரோலில் தம்பி பெயர் ஏறியது.

இப்போது நான் மலை ஏறுவதில்லை. அவன்தான் கூப்பிடுகிறான். 'ஓ...ய்' என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அவனுடையது அதே வார்த்தைகள்தான். ஆளே இல்லாத சரிவிலும் விடாமல் கத்துகிறான் என்று பெண்கள் சொல்கிறார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அடுப்படி வரை கேட்கிறது. வராத தாயி, திரும்பிப் போ, ஓடிரு. மத்தியானம் வந்து தொண்டை கட்டிப் பேச முடியாமல் உட்காருகிறான். நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறேன். வேலையை விட்டுவிடு என்று இதுவரை நான் அவனிடம் சொல்லவில்லை.