ஆண்டவருக்கே வழி சொன்னவன்

யானை நடமாடும் தேயிலைத் தோட்டத்துக்குள், கனிந்த பலாப்பழத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் முட்டாளை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இந்தப் பத்தியின் தலைப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு போட்டோ இருக்கிறதே... அவனேதான்.

போன வாரம் பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வீட்டு ஜெபக்கூட்டம். என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு — 'முழுவதும் ஒப்புக்கொடுத்தல்'. எல்லாவற்றையும் ஆண்டவர் கையில் விட்டுவிடுவது; நானே தேர்ந்தெடுத்தது. ஏழு பக்கம் எழுதி, அழ வேண்டிய இடங்களில் சிவப்பு மையால் கோடு வேறு போட்டிருந்தேன்.

ஒப்புக்கொடுப்பதில் நான் எப்படி? கேஸ் சிலிண்டரை மூடியாச்சா என்று மனைவி பார்த்துவிட்டு வந்த பிறகு, நான் போய் ஒரு தடவை பார்ப்பேன். அந்த ரகம். குன்னூரிலிருந்து கிளம்பும்போதே குடை, மழைக்கோட்டு, இரண்டு டார்ச், ஒரு விசில், அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம்... எல்லாம் ரெடி. கூடவே ஒரு ரெக்சின் பையில் பர்லியாரில் வாங்கிய பலாப்பழம். கூட்டம் முடிந்ததும் எடுத்து அசத்தலாம் என்று ஜிப்பை இழுத்து மூடியிருந்தேன்.

பஸ்ஸில் இரண்டு பேர் மூக்கை விடைத்து மோந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பத்திரிகையில் என் பத்தியைப் படிக்கிறவர்கள் போல என்று நானும் சிரித்து வைத்தேன்.

இறங்கிய இடத்தில் எஸ்தர் காத்திருந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். கூட்டம் அவர் வீட்டில்தான். மணி நாலுதான் ஆகியிருந்தது; ஆனால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். தேயிலைக்கு நடுவே இருபது நிமிஷ நடை.

"காலையில ஒத்தை ஆனை ஒண்ணு ஓடைப் பக்கம் எறங்கிருச்சுன்னு வாட்ஸ்அப்ல போட்டாங்க சார். இந்நேரம் போயிருக்கும். பேசாம வந்தா போதுங்க."

பேசாமல்! என்னிடம்!

பாதி வழியில் எஸ்தர் சட்டென்று நின்றார். மூக்கைச் சுளித்தார்.

"சார்... பையில என்னங்க?"

"சர்ப்ரைஸ்ம்மா."

"பலாப்பழமா?"

அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை அந்தப் பனியிலும் பார்த்தேன். "இங்கெல்லாம் பழுக்க விடவே மாட்டோம் சார். காயிலேயே வெட்டி எறக்கிருவோம். வாசம் புடிச்சா ஆனை ஊட்டு வாசலுக்கே வந்துரும். நீங்க என்னடான்னா... மொதல்ல அதக் கீழ வைங்க!"

வைத்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பயப்படாதீங்கம்மா. ஜிப் போட்டிருக்கேன்."

அப்போதுதான் கிளை ஒடிந்தது.

பனிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். இதற்கு முன் அங்கே இல்லாத சுவர். அது மூச்சு விட்டது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது... என் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது.

எஸ்தர் என் சட்டைக் கையைப் பிடித்தார். "ஓடாதீங்க." குரல் இல்லை, உதடு மட்டும். அவர் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் காத்திருக்கிறார்கள். என் பழத்துக்காக, என் சர்ப்ரைஸுக்காக, அந்தக் குழந்தைகள்...

ஜெபித்தேன். முணுமுணுவென்று, நிறுத்தாமல்.

"ஆண்டவரே, இதை இடது பக்கம் திருப்பும். ஐயோ, இடது பக்கம் லயம்... வலது பக்கம் திருப்பும். வேண்டாம், வந்த வழியே அனுப்பிவிடும். வனத்துறை வாட்சரை வரச் சொல்லும். ஜீப்போடு வரச் சொல்லும். காற்றைக் கொஞ்சம் அந்தப் பக்கம்..."

படைத்தவருக்கே ரூட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்! ஒரு கையில் பையின் வார். இன்னொரு கையில் விசில். ஜெபம் கேட்கப்படாவிட்டால் ஊதிக்கொள்ளலாமே!

சுவர் ஒரு அடி எடுத்து வைத்தது. தும்பிக்கை எழுந்து, காற்றில் தேடி, எங்கள் பக்கம் திரும்பி நின்றது.

என்னிடம் இருந்த திசைகளெல்லாம் தீர்ந்துவிட்டன. ஏழு பக்கத்தில் ஒரு வரி ஞாபகம் வரவில்லை. "ஆண்டவரே..." அதற்கு மேல் சொல்ல ஒன்றுமே இல்லை. விசில் விழுந்தது. கை தளர்ந்தது.

அந்த நொடியில் எஸ்தர் பையை என் தோளிலிருந்து உருவிப் பாதையில் வைத்தார். என்னைப் பின்னால் இழுத்தார். ஒரு அடி. இன்னொரு அடி. தேயிலைச் செடிகளுக்குள் பின்பக்கமாகவே நடந்தோம். பனி மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ரெக்சின் கிழியும் சத்தம் கேட்டது. யானை ஜிப்பைப் பொருட்படுத்தவில்லை.

நான் பையை ஒப்புக்கொடுத்தேன் என்று மேடையில் சொன்னால் நீங்கள் 'ஆமென்' போடுவீர்கள். உண்மை அதுவல்ல. பிடித்துக்கொள்ளத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். யோசித்துப் பார்க்கிறேன் — இத்தனை வருஷமாக நான் ஜெபம் என்று செய்ததெல்லாம் என்ன? முடிவை நானே எழுதி எடுத்துப் போய், அவரிடம் கையெழுத்து மட்டும் கேட்டிருக்கிறேன். என் பேனா கீழே விழும்வரை அவர் பொறுத்திருப்பார் போலிருக்கிறது. அதை நினைத்தால் யானையைவிடப் பயமாக இருக்கிறது.

லயத்து வாசலில் குழந்தைகள் ஓடி வந்து எஸ்தரின் காலைக் கட்டிக்கொண்டன. அவர் கொடுத்த பாலில்லாத கட்டன் டீ என் கையில் பாதி, சட்டையில் பாதி.

"நானாவது முணுமுணுத்தேன். நீங்க வாயே திறக்கலையே... ஆனை போகணும்னு மனசுக்குள்ளேயே ஜெபம் பண்ணினீங்களாம்மா?"

எஸ்தர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"இல்லீங்க சார். நீங்க நிறுத்தணும்னு."